புதுப்பிப்பு: எடை கூடிய எங்கள் லாப்ரடார்

32 கிலோ இருக்கும் எங்கள் லாப்ரடாரின் எடையைக் குறைக்க, வழக்கமான உணவையே பாதியாக்கினால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாது என்பதே கால்நடை மருத்துவரின் பதில். அப்படிச் செய்தால் கலோரியோடு புரதமும் தாதுக்களும் சேர்ந்து குறைந்துவிடும் என்பதால், புரதமும் நார்ச்சத்தும் மிகுந்த எடைக்குறைப்பு உணவுக்கு மாறினோம். அதற்கு முன்பே, எடை கூடக் காரணமாகக்கூடிய தைராய்டு குறைபாடு இல்லை என்பதை மருத்துவர் இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டார்.

அளவு கணக்கிடப்பட்டது இப்போதைய எடைக்கு அன்று, இலக்கு எடையான 25 கிலோவுக்கு. அதன்படி நாளொன்றுக்குச் சுமார் 780 கலோரி. கோப்பையால் அள்ளும்போது ஒவ்வொரு முறையும் அளவு மாறுவதால், சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்தே வைக்கிறோம். தின்பண்டங்கள் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதால், பிஸ்கட்டுக்குப் பதில் கேரட் துண்டுகள். வீட்டிலுள்ளோரை இதற்கு இணங்க வைப்பதுதான், உண்மையில், நாயைப் பழக்குவதைவிடக் கடினம்.

மூட்டுகளுக்குச் சுமை கூடாது என்பதற்காக ஓட்டத்தைத் தவிர்த்து, குறுகிய நடைகளைப் படிப்படியாக நீட்டி வருகிறோம். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைவதே பாதுகாப்பானது. எங்கள் நாய் அந்த வரம்புக்குள்தான் இளைக்கிறது. முன்பு விரலால் அழுத்தித் தேட வேண்டியிருந்த விலா எலும்புகள், இப்போது மெல்லத் தடவினாலே தட்டுப்படுகின்றன. இலக்கை எட்டியதும் அளவை மறுபடி கணக்கிடுவதாக மருத்துவர் கூறியிருக்கிறார்.