கொசு விரட்டி எண்ணெய் நெடுநேரம் தாங்க வழி சொல்லுங்கள்

வணக்கம். சாயங்காலம் பிள்ளைகள் மொட்டை மாடியில் விளையாடும்போது கை கால்களில் தடவ, தேங்காய் எண்ணெயில் சிட்ரோனெல்லா தைலம் கலந்து வைத்திருக்கிறேன். 100 மில்லிக்கு 2 மில்லிதான். கூடினால் தோல் எரியுமோ என்று பயம். தடவியதும் கொசு அண்டுவதில்லை. வாசனை பறந்ததும் கணுக்காலைச் சுற்றி மறுபடி மொய்க்கிறது. சீக்கிரம் ஆவியாகிற தைலம், வேறென்ன செய்யும்!

வேப்பெண்ணெய் சேர்த்தால் கூடுதல் நேரம் தாங்குமா? அந்த வாடைக்குச் சின்னவளே ஓடிவிடுவாள், அது வேறு விஷயம். தேன்மெழுகு உருக்கிக் களிம்பாகச் செய்தவர்கள் இருந்தால் அளவு சொல்லுங்கள்.

சூடம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். அது வாயில் போனால் விஷம். மூன்று வயசுக்காரிக்கு விரல் எப்போதும் வாயில்தான்.

அப்புறம், டெங்கு கொசு பகலில் கடிக்குமே, பெரியவனைப் பள்ளிக்கு அனுப்பும்போது என்ன தடவலாம்?