குரோமிலிருந்து பயர்பாக்சுக்கு மாறியபின்: தட்டச்சு, எழுத்துரு, வங்கித்தளம் ஆகியவற்றில் தடுமாற்றம்

மெய்ப்புநோக்கி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். விளம்பரங்களைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் என்னும் நீட்சி (உலாவியில் சேர்க்கும் துணைநிரல்) இனிக் குரோமில் இயங்காது என்றானதால், பல ஆண்டுப் பழக்கத்தை விட்டுப் பயர்பாக்சுக்கு மாறியிருக்கிறேன். உலாவியின் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. என் அன்றாட வேலைதான் தடுமாறுகிறது. நாள் முழுவதும் உலாவிக்குள்ளேயே தமிழில் எழுதியும் திருத்தியும் வருபவன் நான். ஒலிப்படி ஆங்கில எழுத்துகளில் அடித்துத் தமிழாக்கிக்கொள்வதற்குக் கூகுள் இன்புட் டூல்ஸ் நீட்சியையே நம்பியிருந்தேன். அது இங்கே கிடைக்கவில்லை. சில தளங்களில் தமிழ் எழுத்துகள் மெலிந்து சிறுத்துத் தெரிவதால், மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மெய்ப்புப் பார்ப்பவனுக்கு இது சிறிய தொல்லை அன்று. எங்கள் வங்கியின் தளமோ உள்நுழைந்தவுடன் வெற்றுப் பக்கத்தைக் காட்டி நின்றுவிடுகிறது. பழைய உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை இங்கே கொண்டுவரப் பாதுகாப்பான வழி எது என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

விசைப்பலகை:

தட்டச்சை உலாவியின் பொறுப்பில் விடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். விண்டோஸ் 10-இன் 2019 மே மாதப் பதிப்பு முதலே தமிழ் ஒலிப்புமுறை விசைப்பலகை இயங்குதளத்துடன் சேர்ந்தே வருகிறது. மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்து, அதன் விருப்பங்களில் அந்த விசைப்பலகையைத் தேர்ந்துகொண்டால், விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி எந்தச் செயலியிலும் தமிழுக்கு மாறலாம். சொற்பரிந்துரை முன்பு பழகியதைப் போலவே இராது, முதலில் எரிச்சலூட்டும். நான் தமிழ்99 என்னும் தமிழெழுத்து விசையமைப்புக்கு மாறியவன், ஆகவே என் பரிந்துரை சற்றே ஒருபக்கச் சார்புடையது.

எழுத்துருச் சிக்கலுக்குத் தீர்வு பயர்பாக்சிலேயே இருக்கிறது. ஆனால் ஆழத்தில் இருக்கிறது. அமைப்புகளில் எழுத்துருப் பகுதிக்குச் சென்று, மேம்பட்ட அமைப்புகளைத் திறந்தால், மேலே ஒரு பட்டியல் தெரியும். அது வழக்கமாக இலத்தீனில் நிற்கும். பலர் அதைக் கவனிக்காமல் கீழேயுள்ள அளவுகளை மாற்றிவிட்டுத் தமிழில் ஒன்றும் மாறவில்லையே என்று வருந்துவார்கள். பட்டியலில் தமிழைத் தேர்ந்தபின், நிர்மலா யுஐ போன்ற தெளிவான எழுத்துருவையும், நீங்கள் விரும்பும் குறைந்தபட்ச எழுத்தளவையும் அமையுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பக்கத்தை உருவாக்கியவர் அதன் மொழி தமிழ் என்று நிரலில் குறித்திருந்தால்தான் தமிழுக்கான எழுத்தளவு அங்கே செல்லுபடியாகும். தமிழில் எழுதிவிட்டு மொழியை ஆங்கிலம் என்று குறித்த தளங்கள் ஏராளம். அத்தகைய இடங்களில் கண்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறியை அழுத்திப் பெரிதாக்கிக்கொள்வதே வழி. அந்த உருப்பெருக்கத்தை உலாவி தளவாரியாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

பூட்டுச்சாவி:

வங்கித்தளத்தைத் திறந்து, முகவரிப் பட்டையில் உள்ள கேடய உருவத்தைச் சொடுக்கி, அந்தத் தளத்துக்கு மட்டும் கண்காணிப்புத் தடுப்பை நிறுத்திப் பாருங்கள். ஒரு தளம் உலாவியில் சேமித்துவைக்கும் குக்கி என்னும் சிறு தகவலை வேறொரு தளத்தில் படிக்கவிடாத முறையை 2022 முதல் பயர்பாக்ஸ் இயல்பாகவே கடைப்பிடிக்கிறது. உள்நுழைவை ஓர் இணைய முகவரியிலும் கணக்கு விவரத்தை வேறொரு முகவரியிலும் நடத்தும் தளங்கள் இதனால் சில வேளைகளில் திகைத்து நின்றுவிடும். யுபிளாக்கையும் அங்கே அணைத்துவிடுங்கள்.

கடவுச்சொற்களைக் குரோமிலிருந்து சிஎஸ்வி என்னும் எளிய அட்டவணைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, பயர்பாக்சின் கடவுச்சொற்கள் பக்கத்தில் இறக்குமதி செய்யலாம். அந்தக் கோப்பில் எல்லாமே வெறும் எழுத்தாக, யார் திறந்தாலும் படிக்கக்கூடியதாக இருக்கும் என்பதால், வேலை முடிந்த கையோடு குப்பைத்தொட்டியிலிருந்தும் அதை நீக்கிவிடுங்கள். கடவுச்சொல்லுக்கு மாற்றாகக் கைரேகை, பின் போன்றவற்றால் உள்நுழைய உதவும் பாஸ்கீக்கள் இந்தக் கோப்பில் வாரா. அவற்றை அந்தந்தத் தளத்தில் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். பிறகு முதன்மைக் கடவுச்சொல் ஒன்றையும் அமையுங்கள்.

நடுநிலையான்:

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. பிரேவ், விவால்டி ஆகியவை குரோமுக்கு அடிப்படையான திறமூல நிரலாகிய குரோமியத்தின் மீதே கட்டப்பட்ட உலாவிகள். குரோமுக்கான நீட்சிகளில் பெரும்பாலானவை அவற்றிலும் ஓடும். பிரேவில் விளம்பரத் தடுப்பு உள்ளேயே அமைந்திருப்பதால் நீட்சியே தேவையில்லை. எனக்கு வேலை நடந்தால் போதும், உலாவி எதுவாயினும் சரி.

விசைப்பலகை:

உங்கள் வழி எளிதானது என்பதை மறுக்கவில்லை. ஆயினும், நீட்சிகளுக்குக் கூகுள் வகுத்த மேனிஃபெஸ்ட் வி3 என்னும் புதிய விதிகளால், பக்கம் இணையத்துக்கு அனுப்பும் எந்த வேண்டுகோளைத் தடுப்பது என்று நீட்சியே நேரடியாக முடிவெடுக்கும் வசதி குரோமில் பறிபோயிற்று. 2025-இல் பழைய வகை நீட்சிகளுக்கான ஆதரவு முற்றிலும் நீங்கியது. குரோமியத்தை எடுத்தாளும் பிற உலாவிகள் அந்தப் பழைய வசதியைத் தம் சொந்த உழைப்பில் எவ்வளவு காலம் தாங்கிப் பிடிக்கும் என்பது அவர்கள் கையில் முழுமையாக இல்லை. மைக்ரோசாப்டின் எட்ஜ் உலாவியும் 2020-இல் குரோமியத்துக்குப் போய்விட்ட பிறகு, விண்டோஸ் கணினியில் பக்கங்களைத் திரையில் வரையும் சொந்தப் பொறியோடு பரவலாகப் பயன்படுவது, கெக்கோ என்னும் பொறியைக் கொண்ட பயர்பாக்ஸ்தான். ஒரே உலாவியில் மட்டும் சோதித்துவிட்டுத் தளத்தை வெளியிடும் வழக்கம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 காலத்தில், பல தளங்கள் பிற உலாவிகளில் சரிவர இயங்காமல் போனதில் முடிந்ததைப் பார்த்தவர்கள் நாம்.

மெய்ப்புநோக்கி:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பட்டியலில் தமிழைத் தேர்ந்தவுடன் புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன. கேடயத்தை அணைத்ததும் வங்கித்தளமும் திறந்துவிட்டது. எஞ்சியிருப்பது விரல் பழக்கம் மட்டுமே. மறைமுகச் சாளரத்துக்காகக் கண்ட்ரோல், ஷிப்ட், N விசைகளை அழுத்தினால், சற்றுமுன் மூடிய சாளரம் திரும்ப வந்து நிற்கிறது. இதை மாற்ற இயலுமா?

பூட்டுச்சாவி:

இங்கே அதற்குரிய விசை N அன்று, P. விரல் பழகும்வரை, பணிப்பட்டையில் உள்ள பயர்பாக்ஸ் உருவத்தின் மீது வலச்சொடுக்கினால் மறைமுகச் சாளரத்தை நேரடியாகவே திறக்கலாம்.