ஊட்டி – மேட்டுப்பாளையம் தினசரி ஓட்டம்: ஹிமாலயன் 411-க்கு எந்த ஹீட்டட் கிரிப்? பேட்டரி தாங்குமா?

மலை_411:
வணக்கம்ங்க. வண்டி ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 பைக், பிஎஸ்6. காலை 5.30-க்கு ஊட்டியில கிளம்பி குன்னூர், பர்லியார் வழியா மேட்டுப்பாளையம். இருட்டினப்புறம் திரும்ப ஏறணும். வருஷம் முழுக்க இதே ரூட்தான். டிசம்பர், ஜனவரியில புல்லு மேல உறைபனி இருக்கும்போதே இறங்கணும். ஜூன், ஜூலையில மழையில நனைஞ்ச கிளவுஸோட விரல் மரத்துப் போகுது, பிரேக் லீவர் எவ்வளவு அழுத்துறோம்னே தெரியல. கல்லாறு தாண்டிட்டா நேர் எதிர், கிளவுஸே புழுக்கம்.

ஹீட்டட் கிரிப், அதாவது பேட்டரி கரண்ட்டுல சூடாகுற கைப்பிடி, போடுறதுன்னு முடிவு பண்ணியாச்சு. கிரிப்பையே மாத்துறதா, கிரிப்புக்கு உள்ள ஒட்டுற ஹீட்டர் பட்டையா, மேல சுத்துற வெல்க்ரோ கவரா? பேட்டரி 8 ஆம்பியர்-அவர்தான், தாங்குமா? கைக்கு முன்னாடி காத்தைத் தடுக்குற ஹேண்ட்கார்டு எதுவும் போடல.

குன்னூர்_ஒயரிங்:
தம்பி, பிராண்டை அப்புறம் பார்ப்போம். வண்டி ஓடும்போது எவ்வளவு கரண்ட் மிச்சம் இருக்குன்னு முதல்ல தெரியணும். நல்ல ஹீட்டட் கிரிப் ஜோடி ஃபுல்லுல வச்சா சுமார் 4 ஆம்பியர், அதாவது 50 வாட்டை ஒட்டி இழுக்கும். இன்னொரு ஹெட்லைட் மாட்டின மாதிரிதான். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியில ஹெட்லைட்டை அணைக்கவும் முடியாது, அதனால அந்தப் பக்கம் மிச்சம் பிடிக்க வழியில்லை.

வாங்குறதுக்கு முன்னாடியே சோதிச்சுப் பார்க்கலாம். பழைய எச்4 ஹெட்லைட் பல்பு ஒண்ணு எடுத்துக்கோங்க. அதோட லோ பீம் இழை 55 வாட், ஃபுல்லுல வச்ச கிரிப் இழுக்குற அளவேதான். எர்த் பின்னுக்கு ஒரு ஒயர், லோ பீம் பின்னுக்கு 7.5 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஒயர். இஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட்டி சூடு பண்ணிட்டு, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வச்சு பேட்டரி முனையிலேயே அளங்க. பல்பு இல்லாம ஐட்லிங்ல ஒண்ணு, 3000 ஆர்பிஎம்ல ஒண்ணு. அப்புறம் பல்பை பேட்டரியில கொடுத்து அதே ரெண்டும். ரெண்டு நிமிஷம் நிக்க விட்டு, ரீடிங் இறங்கி நிலைச்ச பிறகு குறிச்சுக்கோங்க. பல்பை செங்கல் மேல வைங்க, டேங்க் மேல வேண்டாம், தொட்டா கை வெந்துடும்.

3000-ல பல்போட 13.5 வோல்ட் நின்னா தாராளமா போடலாம். 13-க்கும் 13.5-க்கும் நடுவுல வந்தா பாதி சூட்டுல மட்டும் ஓட்டணும். 13-க்குக் கீழ போனா கிரிப்பை மறந்துட்டு பேட்டரி, சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர், ஒயரை இணைக்குற கப்ளர் எல்லாத்தையும் முதல்ல பாருங்க. ஐட்லிங்ல 12.5-க்கு இறங்கினா அது கோளாறு இல்ல. வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுற இடத்துல மட்டும் கிரிப்பைக் குறைச்சு வைக்கணும்னு அர்த்தம்.

பனிவிரல்:
மேலே சுற்றும் வெல்க்ரோ கவரை இந்த வண்டிக்கு வாங்காதீர்கள். ஆக்ஸிலரேட்டர் பக்கம் கவர் வழுக்கிச் சுழன்றால், கை திரும்பும், த்ராட்டில் (அதாவது ஆக்ஸிலரேட்டர்) திரும்பாது. கொண்டை ஊசி வளைவில் அது நடக்கவே கூடாது. யூஎஸ்பியில் ஓடுபவையும் வேண்டாம். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் இரண்டு கைக்கும் சேர்த்து 10 வாட்தான், காற்று அதை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விடும்.

மிச்சம் இரண்டு வகை. கிரிப்பையே மாற்றுவதில் சூடு சீராகப் பரவும், மழைக்கும் தாங்கும். ஆனால் பழைய கிரிப்பைவிடப் பொதுவாக 2, 3 மில்லிமீட்டர் தடிமன் கூடும். உள்ளங்கை சிறியதாக இருந்தால், கீழே வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு முன்கை வலிக்கும். கிரிப்புக்கு உள்ளே ஒட்டும் பட்டையில் தடிமன் அதிகம் கூடாது, விலையும் குறைவு. ஆனால் பெரும்பாலும் ஹை, லோ என இரண்டே நிலை. உங்கள் ரூட்டுக்கு அதுதான் குறை. ஜூலை மழையில் 30, 40 சதவீதச் சூடு போதும், ஹையில் வைத்தால் நனைந்த கிளவுஸுக்குள் கை வேகும். ஐந்து நிலை உள்ள கன்ட்ரோலரைத் தேடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் பல கிரிப்புகளில் ஸ்விட்ச் தனியாக வரும், கோசோ அப்பல்லோவில் இடது கிரிப்பிலேயே இருக்கும். தடித்த கிளவுஸோடு அழுத்த எது வசதியோ, அதைக் கடையில் கிளவுஸ் போட்டே அழுத்திப் பாருங்கள்.

அளவை மட்டும் கண்ணால் தீர்மானிக்க வேண்டாம். ஹேண்டில்பார் 22 மில்லிமீட்டர். ஸ்விட்ச் பெட்டியின் விளிம்பிலிருந்து, ஹேண்டில்பார் முனையில் இருக்கும் எடையான பார் எண்ட் வெயிட்டின் உள்விளிம்பு வரை இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். கிரிப் நீளம் அதைவிட 2 மில்லியாவது குறைவாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வெட்டலாம் என்று தயாரிப்பாளர் குறி போட்டிருந்தால் தவிர, கத்தி ஹீட்டர் இழையில்தான் போய் நிற்கும்.

ஹேண்ட்கார்டு இல்லை என்றீர்கள். கிரிப்போடு சேர்த்து அதையும் வாங்கிவிடுங்கள். கிரிப் உள்ளங்கையைத்தான் சுடும், புறங்கையில் அறுப்பது காற்று. 5 டிகிரியில் 60 கிமீ வேகத்தில் போனால் தோலுக்கு மைனஸ் 2 போல இருக்கும், 40 கிமீயிலும் மைனஸ் 1. கிளவுஸும் அப்படித்தான்: புறங்கை தடிப்பாக, உள்ளங்கை மெல்லிய தோலாக இருப்பதை எடுங்கள். உள்ளங்கையிலும் பஞ்சு வைத்த குளிர்கால கிளவுஸ், கிரிப்பின் சூட்டைக் கைக்கு வரவிடாது.

வளைவு_14:
நடுவுல ஒரு கேள்வி. ஹிமாலயன் 450-க்கும் இதே மாதிரிதானா?

குன்னூர்_ஒயரிங்:
அதுல த்ராட்டில் கேபிள் கிடையாது, ரைடு-பை-ஒயர், அதாவது எலக்ட்ரானிக் த்ராட்டில். வலது கிரிப்புக்கு உள்ள சுழலுற குழாய், அதாவது த்ராட்டில் ட்யூப், சென்ஸாரோட பேசுது, அதை அறுக்கவோ அராவவோ கூடாது. அந்த மாடலுக்குன்னே பொருந்தும்னு எழுதியிருக்கிறதை மட்டும் வாங்குங்க.

மலை_411:
ரொம்ப நன்றிங்க. பல்பு சோதனை பண்ணிட்டேன். பல்பு இல்லாம ஐட்லிங்ல 13.4, 3000-ல 14.2. பல்போட ஐட்லிங்ல 12.7, 3000-ல 13.8. ஐந்து நிலை உள்ள செட் ஒண்ணு வாங்கிட்டேன், ஹேண்ட்கார்டும். ஒயரை நேரா பேட்டரிக்குக் கொடுக்கலாமா? கடையில அப்படித்தான் சொன்னாங்க.

குன்னூர்_ஒயரிங்:
13.8 நல்ல ரீடிங், கவலையில்லாம போடுங்க. ஆனா நேரா பேட்டரிக்கு வேண்டாம் தம்பி. ஆஃப் பண்ண மறந்தா 4 ஆம்பியர் ஓடிட்டே இருக்கும், ஒரு மணி நேரத்துல 8 ஆம்பியர்-அவர்ல பாதி போயிடும். ஊட்டிக் குளிர்ல மிச்சப் பாதியை வச்சு செல்ஃப் திணறும். இந்த வண்டியில கிக்கரும் இல்ல. வோல்டேஜ் இறங்கினா தானே அணையுற கன்ட்ரோலரும் இருக்கு. இருந்தாலும் ரிலே போட்டுடுங்க, சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் பண்ற ஸ்விட்ச் அது.

4 பின் ரிலே ஒண்ணு. பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு ஜாணுக்குள்ள 7.5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், அங்கிருந்து 30-ஆம் பின். 87-ல இருந்து கன்ட்ரோலரோட பிளஸ். 85 எர்த். 86-க்கு டெயில் லைட் ஒயர்ல இருந்து ஒரு கிளை. சாவி போட்டா ரிலே இழுக்கும், எடுத்தா விட்டுடும். ரிலே காயில் கால் ஆம்பியர்கூட எடுக்காது, டெயில் லைட் சர்க்யூட் தாங்கும். ஃப்யூயல் பம்ப், ஈசியு (இஞ்சினை இயக்குற கம்ப்யூட்டர்) பக்கம் போற ஒயரைத் தொடவே கூடாது. கிரிப்புக்குப் போற ஒயர் 1 சதுர மில்லி. மைனஸை சேஸிஸ்ல கொடுக்காம பேட்டரி மைனஸுக்கே கொண்டு வாங்க. இன்னொண்ணு, பசை போடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் மாட்டி ஓட்டிப் பார்த்துடுங்க. ஒட்டின கிரிப்பை உரிச்சா அது குப்பைக்குத்தான்.

மலை_411:
மூணு பிரச்சினை. ஒண்ணு, இடது கிரிப் சுலபமா ஏறிடுச்சு, வலது பாதிக்கு மேல போகல. சுத்தியல்ல தட்டலாமா? ரெண்டு, சூடு பார்த்தப்ப இடது பக்கம் வலதைவிடக் குறைச்சல். மூணு, பழைய கிரிப்பைக் கிழிச்சு எடுத்ததுல த்ராட்டில் ட்யூப்ல நீளமா ஒரு கீறல் விழுந்திருக்கு.

பனிவிரல்:
சுத்தியல் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் இழை நொறுங்கினால் அன்றே தெரியாது, இரண்டு மாதம் கழித்து ஒரு பக்கம் அணையும். வலது கிரிப்பின் துளை பெரியதுதான், ஆனால் த்ராட்டில் ட்யூப்பின் மேல் பிளாஸ்டிக் வரம்புகள் இருக்கின்றன, பழைய கிரிப்பைப் பிடித்து வைப்பதற்காக வார்த்தவை. அவற்றை அரத்தால் தட்டையாக்கி, உப்புத்தாளால் தேய்த்து, கிரிப் கை அழுத்தத்துக்கு உள்ளே போகும் வரை சிறிது சிறிதாக எடுங்கள். தூள் ட்யூப்புக்குள் போகாமல் வாயில் துணி அடைத்துக்கொள்ளுங்கள். கீறல் மேலோட்டம் என்றால் பரவாயில்லை. நகம் மாட்டும் அளவு பிளந்திருந்தால் ட்யூப்பை மாற்றுங்கள், விலை கொஞ்சம்தான்.

குன்னூர்_ஒயரிங்:
சூடு விஷயம்: ரெண்டு கிரிப்பையும் கப்ளர்ல கழட்டி, தனித்தனியா ஓம்ஸ் அளங்க. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா இருந்தா கிரிப்புல கோளாறு இல்ல. இடது கிரிப் நேரா இரும்பு பார் மேல உக்காருது, பார் சூட்டை உறிஞ்சுடும். வலதுக்கு நடுவுல பிளாஸ்டிக் ட்யூப் இருக்கு. இடது பக்கம் பார் மேல சூடு தாங்குற காப்டன் டேப் ஒரு சுத்து சுத்திட்டு கிரிப்பை ஏத்துங்க. சாதா இன்சுலேஷன் டேப் சூட்டுல இளகி கிரிப் சுழலும், அது கூடாது. ஓம்ஸ் ரொம்ப வித்தியாசமா இருந்தாலோ, த்ராட்டிலைத் திருகும்போது எண் குதிச்சாலோ, ஒயர் உள்ள அறுந்திருக்கு, செட்டைத் திருப்பிக் கொடுங்க.

மலை_411:
ஓம்ஸ் இடது 6.8, வலது 6.6. அண்ணா சொன்னது சரி, காப்டன் சுத்தினதும் வித்தியாசம் பாதி குறைஞ்சுடுச்சு. வரம்பை அராவினதும் வலதும் ஏறிடுச்சு. ஆனா இப்ப ஆக்ஸிலரேட்டரை முழுசா திறந்து விட்டா சில சமயம் தானா திரும்ப வரமாட்டேங்குது.

பனிவிரல்:
இது சரியாகும் வரை வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். ஹேண்டிலை முழு இடது, நடு, முழு வலது என்று மூன்று நிலையிலும் வைத்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து விடுங்கள். மூன்றிலும் 'டக்' என்று மூட வேண்டும். மூன்றிலுமே மந்தமாக இருந்தால் கிரிப் எதிலோ உரசுகிறது: பார் எண்ட் வெயிட்டைக் கழற்றிப் பாருங்கள், சரியானால் வெளிமுனையில் 2 மில்லி இடைவெளி விடுங்கள். சரியாகாவிட்டால் உள்முனை ஸ்விட்ச் பெட்டியில் இடிக்கிறது. ஒரு நிலையில் மட்டும் நின்றால், அங்கே ஒயர் இறுகுகிறது. ஒயரைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டையை வெட்டி, கிரிப்பிலிருந்து வெளிவரும் இடத்தில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒயரை வளைத்துத் தளர்வாக விடுங்கள். முழுதாகத் திறந்த நிலையில் ஒயர் பிரேக் லீவரின் அடிப்பகுதியில் முட்டவும் கூடாது.

மலை_411:
முழு இடதுல மட்டும்தான் நின்னுச்சு. கேபிள் டையை வெட்டி ஒயரைத் தளர்த்தினதும் மூணு பக்கமும் 'டக்'குன்னு மூடுது. இனி ஒட்டலாமா?

குன்னூர்_ஒயரிங்:
ஒட்டலாம். ஒயர் வெளியே வர்ற இடத்துக்கு நேரா பார்லயும் ட்யூப்லயும் மார்க்கர்ல கோடு போட்டுக்கோங்க. ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல துடைச்சுக் காய வைங்க. ஃபெவிக்விக் வகைப் பசைன்னா பத்து விநாடிதான் அவகாசம், ஒரே தள்ளுல கோட்டுக்கு வந்துடணும். பசை ட்யூப்புக்கும் பாருக்கும் நடுவுல வழிஞ்சா த்ராட்டில் ஒட்டிக்கும், அதனால வலது பக்கம் ரெண்டு, மூணு சொட்டுக்கு மேல வேண்டாம். ஒட்டினதும் த்ராட்டிலை நாலஞ்சு தடவை திருகிட்டே இருங்க. ஒரு ராத்திரி விட்டுட்டு, கையால பலமா முறுக்கிப் பார்த்துட்டு ஓட்டுங்க.

காலையில இஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் கிரிப்பை ஆன் பண்ணணும். முதல் பத்து நிமிஷம் ஃபுல், அப்புறம் 40 சதவீதம். கப்ளர் எல்லாம் வாய் கீழ் நோக்கி இருக்கட்டும், உள்ள ஈரம் புகாம இருக்க டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவிடுங்க. மே கடைசியில ஒரு தடவை, அக்டோபர்ல ஒரு தடவை கழட்டிப் பாருங்க, பச்சை பூத்திருந்தா சுத்தம் பண்ணி மறுபடி கிரீஸ் வைங்க.