அஞ்சு வயசு முடிஞ்சா பிள்ளை அப்பாவுக்கா?

அம்பை மைனி:
நேற்று எங்கள் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அண்ணாச்சி போட்ட செய்தி இது: "டைவர்ஸ் ஆனா பிள்ளைக்கு அஞ்சு வயசு வரைக்கும்தான் அம்மா. அஞ்சு முடிஞ்ச மறுநாள் அப்பா கூட்டிட்டுப் போயிரலாம். சட்டமே அப்படித்தான்." அதைப் படித்துவிட்டு, டைவர்ஸ் கேஸ் நடந்துகொண்டிருக்கிற ஒரு பெண் ராத்திரி எனக்குப் போன் போட்டு அழுதாள். அவள் மகனுக்கு அடுத்த மாதம் அஞ்சு முடிகிறது. 1956-இல் வந்த இந்து மைனர் காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவில், ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு மேல் அப்பாவிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. 13-ஆவது பிரிவு பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. தெரியாததை எதற்குப் பரப்ப வேண்டும்?

வண்ணார்பேட்டைக்காரன்:
அந்த அண்ணாச்சி நான்தான். பேரைப் போடாமல் விட்டதற்கு நன்றி மைனி. அதே 6-ஆவது பிரிவில் இயற்கைக் காப்பாளர், அதாவது பிள்ளைக்குச் சட்டப்படி பொறுப்பாளர், தகப்பன், அவருக்குப் பிறகு தாய் என்று முதலில் இருக்கிறதே, அதை ஏன் முழுங்கிவிட்டீர்கள்? அஞ்சு வயசு என்பது ஒரு விலக்கு. விலக்கு முடிந்தால் பிள்ளை யாரிடம் போகும்? அப்பனிடம்தான். இதற்கு வக்கீல் வேண்டாம், வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

அம்பை மைனி:
காப்பாளர் யார் என்பது வேறு, பிள்ளை யார் வீட்டில் வளர்கிறது என்பது வேறு. அதுவும் 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில், அப்பா பிள்ளையைக் கவனிக்காமல் விட்டால் அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் காப்பாளர் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்து வயதில் மணி அடித்துப் பிள்ளையை மாற்றிவிடுகிற கோர்ட்டு ஒன்றைக் காட்டுங்கள், பார்ப்போம்.

தச்சநல்லூர் தம்பி:
மைனி, பிள்ளை அவங்ககிட்ட, பணம் மட்டும் எங்ககிட்டயா? சம்பாதிக்கிற அம்மாவுக்கு எதுக்கு ஜீவனாம்சம்?

அம்பை மைனி:
தம்பி, பிள்ளைக்குக் கொடுப்பது பிள்ளைக்கு. அம்மாவுக்குச் சம்பளம் வந்தால் அவள் பங்கும் அதில் உண்டு. அதற்காக அப்பா கையை உதறிவிட முடியாது. ஜீவனாம்சத்துக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125 என்று சொன்ன பிரிவு, 2024 ஜூலையில் இருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. 2020-இல் ரஜ்னேஷ் – நேகா வழக்கில் இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று வந்தாயிற்று. மனு போட்ட தேதியில் இருந்தே தொகை கணக்காகும். உத்தரவு வந்தும் கட்டாவிட்டால் ஜெயிலுக்குப் போகவும் நேரலாம். இன்னொன்று, இந்துத் திருமணச் சட்டம் 24-ஆவது பிரிவில் வருமானம் இல்லாத புருஷனும் பெண்டாட்டியிடம் கேட்கலாம். உனக்கு அது உதவுமா பார்.

தச்சநல்லூர் தம்பி:
எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை மைனி. எதுக்கு இந்தக் குத்தல்?

வண்ணார்பேட்டைக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள். அஞ்சு வயசு முடிந்தால் என்ன? அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

பாளை மார்க்கெட்:
நீங்கள் ரெண்டு பேரும் பேசுவது இந்துக்களுக்கு. எங்கள் பாளையங்கோட்டையில் பாதித் தெரு கிறிஸ்தவர்கள். எங்களுக்கு 1869-ஆம் வருசத்து விவாகரத்துச் சட்டம். மனம் ஒத்துப் பிரிய உங்களுக்கு ஒரு வருசம் தனியாக இருந்தால் போதும், எங்கள் சட்டத்தில் ரெண்டு வருசம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

அம்பை மைனி:
அது நியாயமான வருத்தம், தனியாகப் பேசலாம். ஆனால் 1890-ஆம் வருசத்துக் காப்பாளர் சட்டம் எல்லா மதத்துக்கும் பொது. அதில் அஞ்சு வயசுக் கணக்கு கிடையாது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். அண்ணாச்சி இதையும் படிக்கட்டும்.

வண்ணார்பேட்டைக்காரன்:
போன வருசம் பட்டா விசயத்திலும் இப்படித்தான் பிரிவு பிரிவாக அடுக்கினீர்கள். கடைசியில் யார் சொன்னது நடந்தது?

அம்பை மைனி:
தாலுகா ஆபீசுக்கு அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்தது யாருக்கு அண்ணாச்சி? உங்களுக்கா எனக்கா?

பாளை மார்க்கெட்:
பட்டாவை எதுக்கு இங்கே இழுக்கிறீர்கள்?

வண்ணார்பேட்டைக்காரன்:
சரி, சட்டத்தை விடுங்கள். என் தம்பி மாதம் ஒரு தடவை கோர்ட்டு வளாகத்தில் மகனைப் பார்க்கிறான். தீபாவளிக்கு எடுத்துக்கொண்டு போன சட்டை தோளில் ஏறவில்லை. பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டான், அளவு கேட்டால் அந்த வீட்டில் போனை எடுப்பதில்லை. அந்தச் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து பீரோவில் வைத்திருக்கிறான். இவனுக்கு எந்தப் பிரிவு? அஞ்சு முடிந்தால் பிள்ளை வருவான் என்று நம்பித்தான் இருக்கிறான். அதையும் பிடுங்குகிறீர்கள்.

அம்பை மைனி:
அண்ணாச்சி, பிள்ளையை அப்பாவிடம் காட்டாமல் வைப்பது தப்பு. அதை எந்த வீட்டுப் பெண் செய்தாலும் தப்புதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் இந்துத் திருமணச் சட்டத்தில் 26-ஆவது பிரிவு இருக்கிறது. பார்க்கும் நேரத்தைக் கூட்டச் சொல்லி, லீவு நாளில் வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லி மனு போடலாம். போட்ட உத்தரவைப் பின்னால் மாற்றவும் செய்யலாம். உங்கள் தம்பியை இப்படி அஞ்சு வயசுக்குக் காத்திருக்க வைத்தது நீங்கள். அந்த நேரத்தில் ஒரு மனு போட்டிருந்தால் இப்போது பிள்ளை சனி, ஞாயிறு அவரோடு இருந்திருக்கலாம்.

வண்ணார்பேட்டைக்காரன்:
என் தம்பிக்கு நான் கெடுதல் செய்தேன் என்கிறீர்களா?

அம்பை மைனி:
தப்பான விவரம் சொன்னீர்கள் என்கிறேன்.

வண்ணார்பேட்டைக்காரன்:
இயற்கைக் காப்பாளர் தகப்பன். அஞ்சு வயசு வரை விலக்கு. நான் சொன்னதில் ஒரு எழுத்து மாறாது.

தச்சநல்லூர் தம்பி:
மைனி, அந்தப் பிரமாணப் பத்திரத்தில் பொண்ணு வீட்டில் போட்ட நகையையும் எழுதணுமா?

அம்பை மைனி:
எழுத வேண்டும். கல்யாணம் ஆகவில்லை என்றாய், இது எதற்கு இப்போதே?

பாளை மார்க்கெட்:
எங்கள் ரெண்டு வருசத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வண்ணார்பேட்டைக்காரன்:
அஞ்சு வயசுக்கே இங்கே பதில் வரவில்லை, உமக்கு ரெண்டு வருசம் கேட்கிறதாக்கும்.