பூனைக்கு ஆறு நாளா சுகர் 350-லயே நிக்குது, இன்சுலின் டோஸைக் கூட்டலாமா?

கறுப்பனோட அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். கறுப்பனுக்கு 11 வயசு, கருத்தடை செஞ்ச ஆண் பூனை. சர்க்கரை நோய்னு தெரிஞ்சு எட்டு மாசம் ஆகுது. கிளார்ஜின் இன்சுலின், காலையும் ராத்திரியும் 2 யூனிட். ஊசிக்கு முன்னாடி வீட்டுல பார்த்தா எப்பவும் 180லிருந்து 220க்குள்ள இருக்கும். ஆறு நாளா 340, 362, 351னு அங்கேயே நிக்குது. நேத்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், அங்க 448! கூடையில வெச்சதுலேருந்து ஒரே அலறல். வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். ரத்தம் எடுக்க ரெண்டு பேர் பிடிக்க வேண்டியதாப் போச்சு.

மூணு வாரம் முன்னாடி வீடு மாறினோம், அந்தப் பதட்டமா இருக்கும்னு நினைக்கிறேன். இன்சுலின் கெட்டுப்போச்சோன்னு புதுசு பிரிச்சும் பார்த்துட்டேன், அதே அளவுதான். சிரிஞ்சும் பழைய வகைதான், வேற வகைக்கு மாத்தலை. தண்ணி ரொம்பக் குடிக்கிறான். வீட்டு அளவை ரெண்டு நாள் குறிச்சு அனுப்பச் சொல்லியிருக்கார் டாக்டர். அதுக்குள்ள நானே 3 யூனிட் போடலாமா? மீட்டர்ல அந்த நம்பரைப் பார்க்கும்போதெல்லாம் வயித்தைப் பிசையுது.

ரெட்டைவால்:
போடாதீங்க அக்கா. முதல்ல அந்த 448-ஐக் கணக்குலேயே சேர்க்காதீங்க. பூனை பயந்து திமிறினா அட்ரினலின் சுரந்து, ஈரல் தேக்கி வெச்சிருக்கிற சர்க்கரையை ரத்தத்துல கொட்டிடும். திமிறும்போது தசையில சேர்ற லாக்டேட்டையும் ஈரல் சர்க்கரையா மாத்திடும். எல்லாம் சில நிமிஷத்துலேயே நடந்துடும், இறங்கத்தான் மணிக்கணக்காகும். நோயே இல்லாத பூனைக்குக்கூட இப்படி 300-ஐத் தாண்டுறது உண்டு.

ஆனா வீட்டு நம்பரை அப்படித் தள்ளிவிட முடியாது. வீட்டுல ரத்தம் எடுக்கும்போது அவன் எப்படி இருப்பான்?

கறுப்பனோட அம்மா:
மடியிலேயே படுத்திருப்பான். வெதுவெதுன்னு ஒரு துணியைக் காது மேல கொஞ்ச நேரம் வெச்சுட்டு, ஓரத்துல ஓடுற நரம்புக்குப் பக்கத்துல குத்துவேன். பாதி நாள் கண்ணைக்கூடத் திறக்க மாட்டான்.

முன்னாள் கிளினிக் உதவியாளர்:
அப்படியென்றால் வீட்டில் வரும் அளவு பயத்தால் ஏறியது இல்லை அம்மா. கால்நடை மருத்துவமனையில் 14 வருடம் வேலை பார்த்தேன். இரண்டு விதமான ஏற்றமும் பார்த்திருக்கிறேன். பயத்தால் ஏறும் சர்க்கரை, பூனை அமைதியானதும் இறங்கிவிடும். தூக்கக் கலக்கத்தில் மடியில் கிடக்கும் பூனைக்கு, காலையும் இரவும், ஆறு நாள் தொடர்ந்து 340-க்கு மேல் என்றால் உள்ளே ஏதோ இன்சுலினை எதிர்த்துக்கொண்டிருக்கிறது. முதலில் தேட வேண்டியது தொற்று.

எங்காவது கிருமி புகுந்து புண்ணோ சீழோ வைத்தால் உடம்பு கார்டிசோல், குளுக்ககான் போன்ற ஹார்மோன்களை விடாமல் சுரக்கும். இவை எல்லாமே இன்சுலினுக்கு நேர் எதிர் வேலை செய்பவை. அழற்சியில் வெளிப்படும் பொருட்களும் சேர்ந்து, தசையும் கொழுப்பும் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபடி செய்துவிடும். ஊசி அதே 2 யூனிட்தான், ஆனால் அதன் வேலை பாதியாகிவிடுகிறது. சர்க்கரை ஏற ஏறக் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் சோர்ந்துபோகும், அதனால் தொற்று வலுக்கும். ஒன்றை ஒன்று வளர்த்துவிடும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ போட்டார்களா? அரிப்புக்குப் போடும் ஒரு ஊசி கூட வாரக்கணக்கில் சர்க்கரையை ஏற்றி வைக்கும். சிறுநீரைப் பரிசோதித்தார்களா? அவன் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்களா?

கறுப்பனோட அம்மா:
ஸ்டீராய்டு எதுவும் போடலைங்க. சிறுநீர் இன்னும் பார்க்கலை, ஆனா முக்கிட்டு நிக்கறதோ ரத்தம் வர்றதோ கிடையாது. சாப்பாட்டைப் பத்தி நீங்க கேட்டதும் இப்பதான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். தலையை வலது பக்கம் சாய்ச்சுக்கிட்டே மெல்லுறான். நாலு துண்டு எடுத்தா ஒண்ணு வாயிலேருந்து நழுவி விழுது, அதைத் திரும்ப எடுக்க மாட்டேங்கிறான். தட்டைச் சுத்தி ஈரமா அஞ்சாறு துண்டு கிடக்கு. தினமும் கூட்டித் தள்ளுறேன், ஒரு நாள்கூட இதை யோசிக்கலை.

முன்னாள் கிளினிக் உதவியாளர்:
வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், நாளைக்கே. முன்பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. கடைவாய்ப் பல் வேரில் சீழ் இருந்தால் மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். சிறுநீரையும் விடாதீர்கள். சர்க்கரை உள்ள பூனைக்குச் சிறுநீர்த் தொற்று வெளியே ஒரு அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். மூத்திரப்பையிலிருந்து ஊசியால் எடுத்து கல்ச்சர் வைப்பதுதான், அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமானது. அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால் கணையத்தைப் பார்ப்பார்கள்.

டோஸ் விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், தொற்று இருக்கும்போது ஏற்றிய டோஸ், தொற்று அடங்கியதும் அளவுக்கு மீறிவிடும். மருந்து வேலை செய்து எல்லோரும் நிம்மதியாகத் தூங்கும் நான்காம் நாள் இரவில் சர்க்கரை 50-க்குக் கீழே விழுந்து, வலிப்போடு தூக்கி வந்த பூனைகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். அதற்காக இப்போது போடும் 2 யூனிட்டை நிறுத்தவும் கூடாது. ஏற்றுவதோ குறைப்பதோ உங்கள் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

ரெட்டைவால்:
இன்னொண்ணு அக்கா. கீட்டோன் பார்க்கிற ஸ்ட்ரிப் வாங்கி, அவன் சிறுநீர்ல தினமும் பாருங்க. இன்சுலின் போதாம உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது ரத்தத்துல சேர்ற அமிலம்தான் கீட்டோன். சர்க்கரையும் தொற்றும் சேர்ந்தா கீட்டோன் ஏறுறது வேகமா நடக்கும். ஸ்ட்ரிப் நிறம் மாறினாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, சுருண்டு படுத்துட்டாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க, அந்த நேரமே தூக்கிட்டு ஓடுங்க. சாப்பிடலைன்னா முழு டோஸும் போட்டுடாதீங்க, டாக்டருக்கு போன் பண்ணிட்டுப் போடுங்க.

மீட்டர் மனுஷங்களுக்கானதா, பிராணிகளுக்கானதா? மனுஷ மீட்டர் பூனை ரத்தத்துக்குப் பெரும்பாலும் உண்மையான அளவை விடக் குறைச்சுக் காட்டும். எதுவானாலும் நடுவுல மாத்தாதீங்க, பழைய நம்பரோட ஒப்பிடவே முடியாமப் போயிடும்.

புதுசா வந்தவள்:
நடுவுல கேக்குறதுக்கு மன்னிக்கணும். என் பூனைக்கு 6 வயசு. தடுப்பூசிக்குப் போன இடத்துல சுகர் 290னு சொன்னாங்க. தண்ணி அதிகம் குடிக்கலை, இளைக்கவும் இல்லை. இதுவும் சர்க்கரை நோய்தானா?

முன்னாள் கிளினிக் உதவியாளர்:
ஒரே ஒரு அளவை வைத்துச் சொல்ல முடியாது அம்மா, அதுவும் பயந்த இடத்தில் எடுத்தது. ஃப்ரக்டோசமைன் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். கடைசி ஒன்றிரண்டு வாரச் சர்க்கரையின் போக்கை அது சொல்லும். அரை மணி நேரப் பயம் அதை அசைக்காது. பூனை வீட்டில் சாதாரணமாக இருக்கும் நாளில் சிறுநீரிலும் சர்க்கரை வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அந்த 290 பயத்தால் வந்தது.

கறுப்பனோட அம்மா:
மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். வலது மேல் கடைவாய்ப் பல் விரிசல் விட்டு, வேர்ல சீழ் கட்டியிருந்தது. சிறுநீர் கல்ச்சர்ல ஒண்ணும் வளரலை, கீட்டோனும் இல்லை. ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சு, ரெண்டு பல்லை எடுத்தாங்க. அன்னிக்குச் சாயங்காலமே மசிச்ச சாப்பாட்டைக் காலி பண்ணிட்டான்.

டோஸ் 2 யூனிட்லேயே இருந்தது. பல் எடுத்த நாலாம் நாள் 290, அப்புறம் 210, 140. பத்தாம் நாள் காலைல ஊசிக்கு முன்னாடி பார்த்தா 74! கை நடுங்கிடுச்சு. ஊசியை அப்படியே கீழ வெச்சுட்டு, சாப்பாடு வெச்சேன். டாக்டருக்கு போன் பண்ணினேன். தள்ளாடினா ஈறுல தடவத் தேன் எடுத்து வெச்சுக்கச் சொன்னார். தேவைப்படலை, மூணு மணி நேரத்துல 118 ஆச்சு. அந்த வேளை ஊசி வேண்டாம்னார். ராத்திரியிலேருந்து 1 யூனிட். நான் பயந்துபோய் 3 யூனிட் ஏத்தியிருந்தா அந்த விடியக்காலைல என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே முடியலை. உங்க ரெண்டு பேரையும் மறக்க மாட்டேன்.

ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, 12 மணி நேரம் பார்த்தேன். அடி அளவு 104, உச்சம் 196. டாக்டர் இதே டோஸ்ல இருக்கட்டும்னு சொல்லிட்டார். பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை இதே மாதிரி பார்க்கணும். தலை இப்ப நேரா இருக்கு, தட்டைச் சுத்தி ஒரு துண்டுகூடக் கிடக்கிறதில்லை.