ஆர்சி ட்ரக்கை வலுப்படுத்துவது: அலுமினியமா, நைலானா?

கேள்வி:
வணக்கம். என்னிடம் 1/10 அளவுள்ள, பின்சக்கர இயக்கம் கொண்ட ஆர்சி (ரேடியோ ரிமோட்டால் ஓட்டும்) ட்ரக் ஒன்று இருக்கிறது. 2எஸ் (இரண்டு செல்) லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியிலிருந்து 3எஸ் (மூன்று செல்) பேட்டரிக்கு மாறிய பிறகு, மேட்டிலிருந்து குதித்து இறங்கும்போது முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) இரண்டு முறை உடைந்துவிட்டது. பாலிகார்பனேட் பாடியிலும் சக்கர வளைவுக்கு அருகே விரிசல் விழுந்திருக்கிறது. பாகங்கள் அனைத்தையும் அலுமினியமாக மாற்றிவிடலாமா?

மறுமொழி 1:
ஆர்மை அலுமினியமாக மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நல்ல நைலான் ஆர்ம் அடிபடும்போது வளைந்து கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பும். அலுமினியமோ வளைந்தால் வளைந்தபடியே நிற்கும், அல்லது அந்த அடியை, ஆர்ம் பொருந்தியிருக்கும் பல்க்ஹெட்டுக்கு அப்படியே கடத்தி, மாற்றுவதற்குக் கடினமான அந்தப் பாகத்தை உடைத்துவிடும். ஸ்டியரிங் பெல்கிராங்க் (ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் நெம்புகோல்) போன்ற, ஆட்டம் இருக்கக் கூடாத இடங்களில் மட்டும் உலோகம் பயன்படட்டும்.

மறுமொழி 2:
பாடிக்கு ஒரு வழி சொல்கிறேன். விரிசலின் முனையில் சிறு துளையிட்டால் அது மேலும் நீளாது. பிறகு உட்புறத்தைச் சோப்புநீரால் கழுவி உலர்த்தி, சுவர்ப் பூச்சு வேலைக்குப் பயன்படும் கண்ணாடியிழை வலைநாடாவை ஷூ கூ என்ற காலணிப் பசையால் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். விரிசல் விழாத மற்ற வளைவுகளுக்கும் இதை இப்போதே செய்துவிடுவது நல்லது.

மறுமொழி 3:
மின்னழுத்தம் 7.4 வோல்ட்டிலிருந்து 11.1 வோல்ட்டாக உயர்ந்திருப்பதால் மோட்டாரின் சுழற்சி வேகமும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியிருக்கும். உங்கள் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) 3எஸ் பேட்டரியைத் தாங்கும் வகையா என்று முதலில் பார்த்துவிட்டு, ஓரிரு பற்கள் குறைந்த பினியனை (மோட்டார் அச்சிலுள்ள சிறு பல்சக்கரம்) மாட்டுங்கள். தரையில் இறங்கும் நொடியில் த்ராட்டிலை விட்டுவிட்டால் கியர்களுக்கும் ஆயுள் கூடும்.