மண்டபத்தில் பணி, இராமநாதபுரத்தில் வாடகை வீடு: எதைக் கவனிப்பது?

கேள்வி:
மண்டபத்திற்குப் பணிமாறுதலில் வரவிருக்கும் நான், பிள்ளைகளின் படிப்பைக் கருதி இராமநாதபுரம் பட்டணம்காத்தான் பக்கம் வீடு பார்க்கிறேன். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள், இது முறைதானா?

மறுமொழி 1:
முன்பணத்திற்கு முன் தண்ணீரைப் பாருங்கள், ஐயா. இப்பகுதியில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பாக இருப்பதால், ஆழ்துளைக் கிணறு உண்டு என்ற பேச்சோடு நின்றுவிடாமல், காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, அதற்குத் தனித் தொட்டி உள்ளதா, வராத நாளில் லாரித் தண்ணீருக்குப் பணம் யார் தருவது என்பவற்றைக் கேட்டு, குழாய் நீரை வாயில் ஊற்றிப் பார்த்த பிறகே வாடகை பேசுங்கள். மாடி வீட்டு அழகில் மயங்கியவர்கள் இங்கே அதிகம்.

மறுமொழி 2:
2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது. பத்து மாதத்திற்கு இசைந்து கையெழுத்திட்டுவிட்டால் பிறகு வாதிடுவது கடினம் என்பதால், இப்போதே பேரம் பேசுங்கள்.

மறுமொழி 3:
உச்சிப்புளியிலும் விசாரியுங்கள், மண்டபம் அங்கிருந்து இன்னும் பக்கம். உப்புக்காற்றில் துருவேறும் சன்னல் கம்பிகளைப் பழுதுபார்ப்பது யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.